முதுகு காட்டிய மிளகி

சத்தியம்! இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் இருந்தால் என் தயிர்ச்சோற்றில் கல் கிடக்கட்டும்! "பல்லே இல்லாதவருக்குக் கல் கிடந்தால் என்ன?" என்று யாரோ அங்கே முணுமுணுப்பது கேட்கிறது. வாயை மூடிக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்துக்கு மேற்கே ஒரு காடு, கிழக்கே ஒரு காடு. மேற்குக் காட்டுக்குச் சிங்கம் ராஜா. கிழக்குக் காட்டுக்குச் சிறுத்தை ராணி.

சித்திரை வந்தால் ஓடையெல்லாம் வற்றி, அந்தக் குளம் ஒன்றுதான் மிஞ்சும். யார் முதலில் குடிப்பது என்று ஒரு காலத்தில் இரண்டு காடும் கடித்துக் குதறிக்கொண்டன. பிறகு புத்தி வந்து, சண்டைக்குப் பதிலாக ஓர் ஆட்டம் வைத்துக்கொண்டன. விளாங்காய் எறியும் ஆட்டம்!

ஒரு காட்டு ஆள் காயை எறிய வேண்டும். மற்றக் காட்டு ஆள் பாறைக்கு முன்னால் தடியோடு நின்று அதை அடித்து விரட்ட வேண்டும். தடியை ஏய்த்துப் போய்ப் பாறையில் மோதிக் காய் உடைந்தால் எறிந்தவருக்கு வெற்றி. ஆளுக்கு ஐந்து காய். அதிகம் உடைத்த காடு கோடை முழுக்க முதலில் குடிக்கும். தோற்ற காட்டுக்குக் கலங்கல்தான்.

மேற்குக் காடு வருஷா வருஷம் கலங்கல் குடித்தது. போன வருஷம் எறிகிற ஆளைத் தேர்ந்தெடுத்தது ஒரு முயல். அது ஓர் ஆமையைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"ஆமைக்கு ஆயுசு கெட்டி, ராஜா! இதைவிட நீண்ட எதிர்காலம் இந்தக் காட்டில் யாருக்கு இருக்கு?" என்றது முயல்.

ஆமை எறிந்த காய் ஆமையின் காலடியிலேயே விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் சிங்கம் முயலைத் தனியாகப் பேசக் கூப்பிட்டது. முயல் போனது. அதன் பிறகு முயலை யாரும் பார்க்கவில்லை. சிங்கம் மட்டும் நன்றாக ஏப்பம் விட்டது.

இந்த வருஷம் சிங்கம் நரியைக் கூப்பிட்டது. நரிக்குப் பெயர் ஆரூடம். எந்தக் குட்டி பிறந்தாலும் போய் மோந்து பார்த்து, "இது பிற்காலத்தில் ஓகோவென்று வரும்!" என்று சொல்லிவிடும். வந்துவிட்டால், "அன்றைக்கே சொன்னேனே!" வராவிட்டால், "வளர்ப்பு சரியில்லை!" இப்படியே சொல்லிச் சொல்லிக் காட்டில் நல்ல பெயர் வாங்கியிருந்தது.

"ஆரூடம், நல்ல எறியாளாகப் பார்த்துக் கொண்டு வா," என்றது சிங்கம். "ஜெயித்தால், நான் தின்ற மிச்சத்தில் முதல் பங்கு உனக்கு!"

"தோற்றால், ராஜா?"

சிங்கம் தன் வயிற்றை மெல்லத் தடவிக் காட்டியது. "முயலுக்குப் பேச்சுத் துணை இல்லையாம்!"

நரி குனிந்து கும்பிட்டுவிட்டு நழுவியது. வெளியே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. 'நம் கண்ணுக்குத் தப்புகிற திறமை உண்டா?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தது.

முதலில் ஆலமரத்துக் குரங்கு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுப் பையன் நெடுங்கையன் பெயருக்கேற்றபடி இருந்தான். நின்றபடியே முழங்காலைச் சொறிவான். தாய் மந்தி ஓடிவந்து வரவேற்றது.

"வாங்க அண்ணாச்சி! வாங்க! இந்தாங்க பலாச்சுளை, தேனில் தொட்டுச் சாப்பிடுங்க! எங்க பிள்ளை கையைப் பார்த்தீங்களா? அவங்க தாத்தா கை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி!"

பெண் பார்க்க வந்த மாமனைப் போல நரி சுளையை மென்றுகொண்டே பையனை மேலும் கீழும் பார்த்தது. நடக்கச் சொன்னது. திரும்பச் சொன்னது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தது.

"பிறந்த நட்சத்திரம்?"

"அனுஷம், அண்ணாச்சி!"

"அடடா! தோளில் மச்சம் வேறு இருக்கிறது! சரி தம்பி, ஒரு காய் எறி பார்ப்போம்."

நெடுங்கையன் எறிந்தான். எதிர்ப்பாறைக்குப் போக வேண்டிய காய் பக்கத்துக் கிளைக்குப் போனது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த அப்பன் குரங்கு, "ஐயோ!" என்று மண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தது.

"என்ன வேகம்! என்ன வேகம்!" என்று துள்ளியது நரி. "பெற்ற அப்பனே எழுந்திருக்க முடியவில்லை பாருங்கள்!"

"குறி தப்பிடுச்சே அண்ணாச்சி?" என்றது மந்தி.

"குறி வயசானால் தானே வரும், தாயீ! வேகம் வருமா? இந்தக் கை லேசான கை இல்லை. ஆட்டம் வரைக்கும் பையன் ஒரு காய்கூட எறியக் கூடாது. கை தேய்ந்துவிடும்! ஆமணக்கு இலையைச் சுற்றி, அசையாமல் வையுங்கள்."

"சாப்பிடுறது?"

"நீ ஊட்டு!"

மந்திக்குப் பெருமை தாங்கவில்லை. நரி இன்னும் நாலு சுளையை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்பியது.

குளத்துக் கரை வழியாக வரும்போது, 'டப்! டப்!' என்று சத்தம் கேட்டது. கரையில் ஒரு கீரிப்பெண். மிளகு அளவு குட்டியாகப் பிறந்ததால் மிளகி என்று பெயர். அவள் வளை அந்தக் கரையிலேயே இருந்தது. மேற்குக்கும் சொந்தமில்லை, கிழக்குக்கும் சொந்தமில்லை; எந்தக் காட்டுக்கும் ஆடலாம்.

மிளகி ஒரு நத்தையை எடுத்தாள். பாறைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். பின்னங்கால்களுக்கு நடுவே விர்ரென்று விட்டாள். டப்! ஓடு தூள். அடுத்தது ஒரு முட்டை. டப்! அடுத்தது ஒரு நண்டு. பக்கத்தில் உடைந்த ஓடு குவியலாகக் கிடந்தது. பாறையில் ஒரே இடம் மட்டும் அடிபட்டு அடிபட்டு வெளுத்துப்போயிருந்தது.

"நரி மாமா! நீங்க எறியாள் தேடுறீங்களாமே! என்னைச் சேர்த்துக்கோங்களேன்!"

"உன்னையா? உனக்குக் கை எங்கே இருக்கிறது, தேடித்தான் பார்க்க வேண்டும்!"

"குறி தப்பாது மாமா. வேணும்னா ஒண்ணு சொல்லுங்க, அடிச்சுக் காட்டறேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். எதிரிக்கு முன்னால் போய் இப்படியா திரும்பி நிற்பாய்? புறமுதுகு காட்டுவதா! நம் பாட்டன் பூட்டன் நெஞ்சில் காயம் வாங்கிய வம்சம். முன்னால் பார்த்து எறி!"

மிளகி முன்னால் பார்த்து எறிந்தாள். நத்தை அவள் மூக்கிலேயே பட்டது. அவள் பொத்தென்று குப்புற விழுந்தாள்.

"பார்த்தாயா? அடிப்படையே சரியில்லை!" நரி உச்சுக்கொட்டியது.

"நீங்க சொன்னபடி செஞ்சதாலதான் மாமா விழுந்தேன்!"

"வாய் நீளம். வால் குட்டை. உனக்கு எதிர்காலம் இல்லையம்மா. போய் நண்டு தின்னு."

மிளகி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபத்தில் இன்னொரு நத்தையை எடுத்து எறிந்தாள். டப்! வெளுத்த அதே இடம். நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குளத்தின் மறுமுனைச் சேற்றில் ஒரு காட்டுப்பன்றி தலையில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் பெயர் சேறப்பன். கிழக்குக் காட்டுக்கு எறியாள் தேடும் வேலை அதற்கு.

"அண்ணாச்சி, உங்க பாடு தேவலை," என்று பெருமூச்சு விட்டது பன்றி. "எங்க பழைய எறியாள் கிழடாயிட்டான். வேற ஆளே கிடைக்கலை. எனக்கு லட்சணமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது!"

நரிக்கு அப்போதுதான் நடந்ததை நினைத்துச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஓய் சேறப்பா, ஒரு வேடிக்கை கேள்! கரையில் ஒரு கீரி. ஆட்டக்காரியாக வேண்டுமாம்! முதுகைக் காட்டிக்கொண்டுதான் எறிவாளாம்! வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்! ஹா ஹா! எறிந்ததெல்லாம் பாறையில் பட்டு உடைகிறது, ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனாலும் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டுமே!"

பன்றி காதை நிமிர்த்தியது. "ஒண்ணுகூடத் தப்பலையா?"

"ஒன்றுகூட இல்லை! ஆனால் முதுகு ஓய், முதுகு!"

"அந்தக் கீரி எந்தப் பக்கத்துக் கரையில இருக்கு, அண்ணாச்சி?"

நரி சிரித்துக்கொண்டே வழி காட்டிவிட்டுப் போனது.

ஆட்ட நாள் வந்தது. இரண்டு காடும் குளக்கரையில் திரண்டன. கிழக்குக் காட்டுக்காக ஓர் இளம் யானை துதிக்கையில் தடியோடு பாறைக்கு முன்னால் நின்றது. நெடுங்கையன் வந்தான். தாய் மந்தி திருஷ்டி கழித்து, ஆமணக்கு இலையை மெல்ல அவிழ்த்தது. சும்மாவே கிடந்த கை வெளுத்து, வாழைத்தண்டு போலத் தொங்கியது.

முதல் காய் குளத்தில் விழுந்தது.

"கை இப்போதுதான் சூடாகிறது, ராஜா!" என்றது நரி.

இரண்டாவது காய் மயிலின் தோகைக்குள் போனது. "காற்று, ராஜா!"

மூன்றாவது காய் சிங்கத்தின் பிடரியில் வந்து விழுந்தது. சிங்கம் நரியைப் பார்த்தது. "வேகத்தைக் கவனித்தீர்களா, ராஜா!" என்றது நரி. குரல் கீச்சென்று வந்தது.

நாலாவது காய் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஐந்தாவது காய் மட்டும் நேராக யானையிடம் போனது. யானை விட்ட அடியில் அது மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"அம்மா, கை வலிக்குது!" என்று நெடுங்கையன் மந்தியின் மடியில் ஏறிக்கொண்டான்.

நரி மனதைத் தேற்றிக்கொண்டது. கிழக்கிலும் ஆள் இல்லையே! அவர்களும் ஒன்றையும் உடைக்காவிட்டால் ஆட்டம் சமன், உயிர் தப்பிவிடும். மேற்குக் காட்டுக் கரடி கும்பன் தடியைச் சுழற்றிக்கொண்டு பாறைக்கு முன்னால் போய் நின்றது. 'எதிரே யார்?' என்று நரி எட்டிப் பார்த்தது.

சேறப்பனின் முதுகிலிருந்து மிளகி இறங்கினாள்.

கரடிக்கு முதுகைக் காட்டி அவள் குனிந்ததும், மேற்குக் காடு முழுக்கக் கெக்கலி கொட்டியது. "புறமுதுகு! புறமுதுகு!" கரடியும் வயிறு குலுங்கச் சிரித்தது. நரி மட்டும் சிரிக்கவில்லை.

டப்!

"என்னது? எறிஞ்சாச்சா?" என்றது கரடி.

டப்!

"ஏய், வால்தான் தெரியுது, காய் எங்கேயிருந்து வருது?"

டப்! கரடி தடியை வீசியபோது காய் ஏற்கெனவே உடைந்திருந்தது. டப்! வீசிய வேகத்தில் கரடி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றியது. டப்! கரடி தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது.

கிழக்குக் காடு ஆரவாரம் செய்தது. சிங்கம் எழுந்தது. பிடரியில் ஒட்டியிருந்த விளாங்காய்ச் சதையை உதறியது.

"ஆரூடம், இங்கே வா."

நரி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. 'தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் முயலுக்குத் துணை நாம்தான்,' என்று நினைத்தது. வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது.

"ராஜா! இந்தப் பெண் ஓகோவென்று வருவாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்! இந்த இரண்டு காட்டிலும் இவள் திறமையை முதன்முதலில் கண்டவன் இந்த ஆரூடம்தான்!"

சிங்கம் தலையைச் சாய்த்தது. "அன்றைக்கே தெரியுமா?"

"சத்தியமாகத் தெரியும், ராஜா!"

"தெரிந்தும் எனக்குக் குரங்கைக் கொண்டுவந்தாயா?"

நரி அதற்குப் பதில் தேடுவதற்குள், சேறப்பன் சேறு சொட்டச் சொட்ட ஓடிவந்தது. நரியைக் கட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி! உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுவேன்! ஒண்ணுகூடத் தப்பாது, கரையில இருக்காள்னு நீங்க வழி காட்டலைன்னா எங்களுக்கு இவளைத் தெரியவே தெரியாது! எங்க ராணி உங்களுக்கு ஒரு மான்தொடை தரச் சொன்னாங்க!"

சிங்கத்தின் வால் ஒரு முறை தரையில் அடித்தது.

நரி திரும்பியது. ஓடியது! வாலைக் கவட்டையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு காடும் பார்த்துக்கொண்டிருக்க, புழுதி பறக்க ஓடியது. சிங்கம் பின்னால் பாய்ந்தது.

மிளகி பாறை மேல் ஏறி நின்று கத்தினாள்: "நரி மாமா! நெஞ்சில் காயம் வாங்குற வம்சம்னு சொன்னீங்களே! இங்கேயிருந்து பார்த்தா முதுகுதான் தெரியுது!"

அந்தக் கோடை முழுக்கக் கிழக்குக் காடும் மிளகியும் தெளிந்த தண்ணீர் குடித்தார்கள். சிங்கம் கலங்கல் குடித்தது. நெடுங்கையன் ஆலமரத்தில் உட்கார்ந்து, தானே கையால் எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டான்.

நாளைய திறமையை மச்சத்திலும் நட்சத்திரத்திலும் தேடுகிறவன், கண்ணெதிரே நிற்கும் திறமையைத் தன் கையாலேயே எதிரிக்குத் தாரைவார்ப்பான்.

ஒரு விஷயம். இதைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த நரி சிங்கத்திடம் சிக்கவில்லை. இதைவிடப் பெரிய காடு ஒன்றில் இப்போது அதுதான் தலைமைத் தேர்வாளராம். என் பேரப்பிள்ளை அங்கேதான் ஆட்டத்துக்கு மனுப் போட்டிருக்கிறான்!