எட்டு மாத அந்நியர்

முத்தலைப்பட்டினத்தை மாறவேள் ஆண்ட காலத்தில், கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு அரசு முத்திரை வேண்டும். அந்த முத்திரை பெருங்கிள்ளியார் என்ற அதிகாரியின் கையில் இருந்தது. அது கையில் இருந்ததாலேயே அவருக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

ஒருநாள் அவரிடம் நங்கை என்பவள் கைக்குழந்தையோடு வந்தாள். நாகத்தீவில் கப்பல் தச்சுவேலை செய்யும் அவள் கணவன் கால் முறிந்து படுத்திருந்தான். கப்பல் மறுநாள் கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்த பருவக்காற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"உனக்கு முத்திரை உண்டு. குழந்தைக்குக் கிடையாது" என்றார் அதிகாரி. "நிலையாகக் குடியிருப்பவருக்குத்தான் முத்திரை. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்ததற்குச் சான்று எங்கே?"

"ஐயா, இவள் பிறந்தே எட்டு மாதம்தானே ஆகிறது!"

"அப்படியானால் இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து வா."

அழுதுகொண்டே வெளியே வந்தவளை அரசவை விகடர் கூத்தப்பிரான் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நேரே உள்ளே போனார்.

"சரியாகச் சொன்னீர் ஐயா! கண்டவர்களுக்கெல்லாம் முத்திரை கொடுத்தால் நாடு என்னாவது? இந்தக் குழந்தை நம் நாட்டுக் குடி இல்லை என்று ஓர் ஓலையில் எழுதிக் கொடுங்கள். இனி யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்."

அதிகாரி குளிர்ந்துபோனார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

கூத்தப்பிரான் அந்த ஓலையோடு அரசவைக்கு ஓடினார்.

"அரசே, மோசம் போனோம்! நம் பட்டினத்தில் ஓர் அந்நியர் எட்டு மாதமாக அனுமதியில்லாமல் தங்கியிருக்கிறார்!"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரவன்? ஒற்றனா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான். யார் பேசினாலும் உற்றுப் பார்க்கிறார். எதைக் கேட்டாலும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. அடையாளம்: தலையில் முடி குறைவு, பல் இரண்டு."

"இழுத்து வாருங்கள்!"

நங்கை குழந்தையோடு வந்தாள். அவள் பின்னால் பெருங்கிள்ளியாரும் வந்தார். குழந்தை அரசரைப் பார்த்து இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தது. சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கூத்தப்பிரான் மட்டும் சிரிக்கவில்லை. "இவர்தான் அரசே. அதிகாரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அனுமதியின்றித் தங்கிய அந்நியரை முதல் கப்பலில் நாடு கடத்த வேண்டும் என்பது சட்டம். முத்திரையெல்லாம் தேவையில்லை. நாளைக் கப்பல் நாகத்தீவுக்குப் போகிறது. வழியில் கைதிக்குப் பசித்தால் பால் கொடுக்க ஒரு காவலாளி வேண்டும். இந்தப் பெண் போகட்டும்."

அதிகாரி பதறி முன்னால் ஓடி வந்தார். "அரசே, குழந்தை நம் நாட்டுக் குடிதான்! இப்போதே முத்திரை வைக்கிறேன்!"

"அப்படியானால்," என்றார் கூத்தப்பிரான், "அரசரின் குடியை அந்நியர் என்று எழுதியது யார்?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்திரையைத் தாமே வைத்தார், போகவும் திரும்பி வரவும் சேர்த்து. விகடருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

நங்கை கும்பிட்டுக் கிளம்பும்போது அரசருக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"கூத்தப்பிரான், அக்கரைக்குப் போய் நம் நிர்வாகத்தைப் பற்றி இந்தக் குழந்தை என்ன சொல்லும்?"

"பயப்படாதீர்கள் அரசே. நம் நல்ல காலம், அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை!"