நூற்றைம்பது வருடச் சுவர்

விக்டோரியா மகாராணி காலத்து ரயில் நிலையம் அது. சிவப்புச் செங்கல் சுவர், நடுவில் ஒரே ஒரு வளைவு. நடைமேடைக்குப் போக வர வேறு வழி கிடையாது.

நிலையத்தைப் புதுப்பித்துப் பெரிதாக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ரூபவதியிடம் இருந்தது. பழைய கட்டடங்களுக்கு உயிர் கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் தொழில் கற்க வந்திருந்த மாசிலாமணி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பாலம் கட்டும் அரசு வேலையை உதறிவிட்டு வந்தவர்.

வளைவின் இருபுறமும் சுவரை உடைத்து, அதே மாதிரி இன்னும் இரண்டு வளைவுகள் வைக்கலாம் என்றார் ரூபவதி.

மாசிலாமணிக்கு உடம்பே பதறியது.

"நூத்தம்பது வருஷம் நின்ன சுவர், மேடம். இதுல கை வைக்க நமக்கு என்ன உரிமை?"

"சொல்றேன். முதல்ல அந்த வளைவுக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க."

போய் நின்றார். செங்கல்லைத் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. இதையா உடைப்பது?

அப்போது தாமதமாக வந்த இரண்டு ரயில்கள் ஒன்றாக நுழைந்தன. இறங்கியவர்கள் வெளியே பாய்ந்தார்கள். ஏற வேண்டியவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். இரண்டு கூட்டமும் வளைவுக்குள் மோதி அப்படியே இறுகின.

"தள்ளாதீங்க! தள்ளாதீங்க!"

மாசிலாமணியின் பக்கத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி சுவரோடு ஒட்டிப்போயிருந்தாள்.

"அண்ணே... மூச்சு முட்டுது."

அவர் சட்டென்று திரும்பி, அவளுக்கு இருபுறமும் சுவரில் கைகளை ஊன்றினார். கூட்டம் முதுகில் ஏறியது. ஏதோ பெட்டியின் முனை விலாவில் குத்தியது. முழங்கைகள் நடுங்கின. மடங்கினால் அவள் வயிறு நசுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் தள்ளினார்.

"நகரு... நகரு..." என்று வாய் முனகியது. யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வெளியே ரூபவதியின் குரல் கேட்டது. உள்ளே வருபவர்களைக் கைகளை விரித்து மறித்து நின்றார். "ஒரு அடி வைக்கக் கூடாது! அவங்க முதல்ல வரட்டும்!"

கூட்டம் மெல்லத் தளர்ந்தது.

அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்தாள். வயிற்றில் கை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள்.

"உதைக்குது, அண்ணே."

ரூபவதியின் முகம் வெளுத்திருந்தது. "இவ்வளவு மோசமா ஆகும்னு நானும் நினைக்கலை," என்றார்.

மாசிலாமணியின் உள்ளங்கைகள் உரிந்து, செங்கல் தூளும் ரத்தமுமாக இருந்தன. வளைவைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்:

"இதைக் கட்டினவர் நாளைக்கே எழுந்து வந்து, என் சுவரை ஏன் உடைச்சீங்கன்னு கேட்டா என்ன சொல்றது, மேடம்?"

"கேட்கமாட்டார். அவர் கட்டினது வாசல்."