வில்லங்கம் இல்லாத வீடு

வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கணும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாண்டவராயன் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் ஒருமுறை பார்த்தார். வில்லங்கம் எதுவும் இல்லை என்றுதான் போட்டிருந்தது. தம்பிகள் சோலையப்பனையும் குழந்தைவேலுவையும் கூட்டிக்கொண்டு நிம்மதியாகக் குடியேறினார்.

பால் காய்ச்சிய அன்றே பக்கத்து வீட்டு வீரபாகு தன் சாக்கடையை இவர்கள் வாசலுக்குத் திருப்பிவிட்டார். படியில் ஆட்டைக் கட்டினார். ஏனென்று கேட்டதற்கு மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார்.

தாண்டவராயன் சான்றிதழை நீட்டினார். "வில்லங்கம் இல்லைன்னு சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கு. அப்புறம் நீங்க எப்படிங்க இங்கே இருக்கலாம்?"

வீரபாகு அதை வாங்கி ஆட்டிடம் கொடுத்தார். ஆடு முத்திரையோடு சேர்த்துத் தின்றது.

வீட்டை விற்ற ஏகாம்பரம் பத்து வருஷமாக இதே ஆளோடு மல்லுக்கட்டியவர் என்று அப்புறம்தான் தெருவே சொன்னது. வாழ்நாள் உழைப்பெல்லாம் போட்டு வாங்கிய வீடாச்சே! மூவரும் ஒரு வக்கீல் அம்மாவிடம் ஓடினார்கள்.

"வித்தவர் இந்தத் தகராறைத் தெரிஞ்சே மறைச்சிருந்தா, கிரயத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாம். நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனா அவர் மறைச்சதை நீங்கதான் எடுத்துக் காட்டணும்" என்றார் வக்கீல்.

வீட்டில் ஆலோசனை நடந்தது.

"எங்கே மறைச்சிருப்பார்?" என்றார் தாண்டவராயன்.

"தகராறு எவ்வளவு பெரிசு அண்ணே?" என்றான் சோலையப்பன்.

"பத்து வருஷத் தகராறுடா."

"அப்ப பரண்ல கொள்ளாது. தரைக்குக் கீழேதான்" என்றான் குழந்தைவேலு.

மூன்று நாள் தோண்டினார்கள். கூடம் போச்சு, சமையலறை போச்சு. அகப்பட்டது ஒரு ஓட்டைக் கரண்டி. அதைத் துணியில் சுற்றி வக்கீலிடம் கொண்டுபோய் வைத்தார்கள்.

வக்கீல் அம்மா கரண்டியைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பேசாம வீட்டை வித்துடுங்க. நீங்களாவது பக்கத்து வீட்டைப் பத்தி வாங்குறவர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடுங்க."

வாங்க வந்தது ஒரே ஒருவர்தான். வீரபாகு.

யாரானால் என்ன, ஏமாற்றலாமா? தாண்டவராயன் அவரை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டுக்காரன் மகா மோசமுங்க." சாக்கடை, ஆடு, வசவு என்று எதையும் விடவில்லை.

வீரபாகு தாடையைத் தடவினார். "அப்படிப்பட்டவன் பக்கத்துல மனுஷன் குடியிருக்க முடியுமா? பாதி விலைதான் தருவேன்."

நியாயம்தானே! கொடுத்துவிட்டார்கள்.

பத்திரம் முடிந்து திரும்பும் வழியில் குழந்தைவேலு விசும்ப ஆரம்பித்தான். "பாவம் அண்ணே, நல்ல மனுஷன். அந்த ஆள் பக்கத்துல எப்படித்தான் காலம் தள்ளப் போறாரோ!"

"அழாதடா" என்று தாண்டவராயனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த வீரபாகு மேல இந்த வீரபாகு கேஸ் போட்டார்னா, நாம மூணு பேரும் இவர் பக்கம்தான் சாட்சி."