சடைச்சியின் ஒட்டுப் பை

ஒரு காட்டில் விலங்குகள் சைக்கிள் ஓட்டின. ஏன் சிரிக்கிறீர்கள், குழந்தைகளே? மலை தாண்டிச் சுமை கொண்டுபோக வேறு எப்படியாம்?

அங்கே சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். அவள் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கிய பைக்கு என்ன வயது என்று அவளுக்கே மறந்துவிட்டது. சாயம் போய், மூலைக்கு மூலை ஒட்டுப் போட்ட பை அது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அதை உதறி, சேறு துடைத்து, நிழலில் காயப்போடுவாள். எங்கே உரசித் தேய்கிறதோ அங்கே கிழிவதற்கு முன்பே ஒட்டுப் போட்டுத் தேன்மெழுகு தடவுவாள். தேனைக் கண்டால் எச்சில் ஊறும் கரடிதான். ஆனாலும் மெழுகு பைக்குத்தான்.

சொக்கன் என்ற குரங்கிடமும் ஒரு பை இருந்தது. பளபளவென்ற சிவப்புப் பை. நல்ல நாளுக்கு ஆகுமென்று அதை மடித்து மரப்பொந்தில் திணித்திருந்தான். அவ்வப்போது எடுத்து எல்லாரிடமும் காட்டிவிட்டு, மறுபடி அதே மடிப்பில் உள்ளே வைத்துவிடுவான்.

அந்தக் கோடையில் மலைக்கு அப்பாலிருந்த காடு தீயில் கருகிப்போனது. வரும் மழை ஓய்வதற்குள் புல்விதை போய்ச் சேராவிட்டால் அங்குள்ள மான்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். வழியில் நனைந்தாலோ விதை வீணாகிவிடும்.

யார் கொண்டுபோவது என்று தலைவர் யானை கேட்டார். சடைச்சி முன்னே வந்தாள். சொக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தக் கந்தலில் போட்டால் வழியெல்லாம் புல் முளைக்கும், என் சிவப்புப் பையில் நான் கொண்டுபோகிறேன் என்றான். சடைச்சிக்குச் சுருக்கென்றது. யானை இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்து அனுப்பினார்.

கணவாயில் கல்லும் கரடுமாய்ப் பாதை தூக்கித் தூக்கிப் போட்டது. சொக்கனின் பை மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்தது. பொந்தின் ஈரத்தில் இற்றுப்போயிருந்த தையலும் விட்டது. விதையெல்லாம் பாதையில் கொட்டியது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

சொக்கன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "புதுப் பை அக்கா. இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுமை ஏற்றினேன்" என்று அழுதான்.

"அங்கேதானடா தப்பு" என்றாள் சடைச்சி. "எந்த இடம் தாங்காது என்று ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? என் பையில் தாங்காத இடத்திலெல்லாம் ஒட்டு இருக்கிறது. சீக்கிரம் அள்ளு."

இருவரும் வழித்து அள்ளினார்கள். பழைய பை அத்தனை விதையையும் வாங்கிக்கொண்டது. சடைச்சி அதன் வாயைச் சுருட்டி, வாரை இழுத்துக் கட்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

கருகிய காட்டில் மான்கள் காத்து நின்றன. சடைச்சி தொப்பலாக நனைந்து வந்து இறங்கி, பைக்குள் கையை விட்டாள். விதை பொரியாகக் காய்ந்து கிடந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இவ்வளவு செய்தவளுக்குப் புதுப் பை ஒன்று தைத்துத் தருவதாக மான்கள் சொல்லின.

"எனக்கு எதற்கு?" என்று சடைச்சி நெஞ்சை நிமிர்த்தினாள். "நான் போய்வந்த வழியெல்லாம் இந்தப் பையில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு மூலை தேய்ந்திருக்கிறது. ஒரு ஒட்டு கிடைத்தால் போதும்."

சொக்கன் தன் கிழிந்த பையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, தானே அதை வைத்துத் தைத்தான். அன்றுமுதல் அந்தச் சிவப்புத் துண்டும் மலை தாண்டப் போனது.

நீதி: எடுத்துப் பயன்படுத்திப் பேணிய பொருள் காலத்துக்கும் உழைக்கும், அழகுக்காகப் பொத்தி வைத்தது அவசரத்தில் கைவிடும்.