குதிருக்குள் போன ஏரி

கேளுங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், தாழையூர் என்றோர் ஊர் இருந்தது. ஊருக்கு ஓர் ஏரி. அதைத்தான் மனிதர் குடித்தார்கள், மாடு குடித்தது, வயல் குடித்தது.

அங்கே சாத்தன் என்றோர் உழவன், மனைவி கொற்றியோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்தான். ஒரு கோடையில் ஏரி சற்றே வற்றியது. எதிர்வீட்டு மாறன் வழக்கத்துக்கு மேல் ஒரு குடம் எடுத்துப் போவதைச் சாத்தன் பார்த்துவிட்டான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் அள்ளி முடிப்பதற்குள் நாம் அள்ளிவிட வேண்டும்" என்றான்.

முதலில் குடங்களை நிரப்பினான். அதைப் பார்த்து மாறன் அண்டாக்களை நிரப்பினான். பிறகு சாத்தன் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நிரப்பினான். அதைப் பார்த்து ஊரே நிரப்பியது. கடைசியில் சாத்தன் நெல்லைத் தரையில் கொட்டிவிட்டு, நெல் வைக்கும் குதிர் நிறையத் தண்ணீர் ஊற்றினான். மாறன் தன் தோணியை வீட்டுக்குள் இழுத்து வந்து, தோணி நிறைய ஊற்றினான்.

ஏரி காலியானது. யாருக்கும் வருத்தமில்லை. தண்ணீர்தான் வீட்டில் இருக்கிறதே!

கொற்றி உலை வைக்கப் போனாள். வைக்க ஒரு காலிப் பானை இல்லை; எல்லாம் விளிம்பு வரை தண்ணீர், அரிசி போட்டால் வழிந்துவிடும்.

"ஒன்றைக் கொட்டட்டுமா?"

"மாறன் கொட்டினானா?" என்றான் சாத்தன்.

மாறன் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஊரே வேகாத அரிசியை மென்றது. வாத்துகள் ஏரியைத் தேடி வீடுகளுக்குள் வந்தன. கொக்கு ஒன்று சாத்தனின் குதிர் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்றது. எருமை ஒன்று மாறனின் தோணிக்குள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது.

பிறகு, ஏரி ஊற்றை நம்பியிருந்த வயல் கிணறுகளும் வற்றின. பயிர் கருகியது. பானைத் தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. அதைக் குடித்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதன் நாக்கை நனைக்க, தண்ணீர் நிறைந்த அந்த வீட்டில் ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை. சாத்தன் அழுதான்.

விடியும்போது மழை கொட்டியது. கொற்றி ஒரு பானையைக் கவிழ்த்துக் கழுவி, கூரை நீரைப் பிடித்துக் காய்ச்சிப் புகட்டினாள். நாலைந்து நாள் மழையில் குழந்தையும் தேறியது, ஏரியும் பாதி நிறைந்தது.

உடனே ஊர், நாறிய தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுப் பாத்திரங்களோடு ஏரிக்கு ஓடியது. எல்லோருக்கும் முன்னால் சாத்தன், தலையில் குதிரோடு.

கரையில் கொற்றி ஒரே ஒரு குடத்தோடு நின்றாள்.

"நிரப்புங்கள். இன்றைக்கு எதில் சமைக்கட்டும்? அடுத்த வாரம் பிள்ளைக்கு எதைக் கொடுக்கட்டும்?"

சாத்தன் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நின்றான்.

"இறங்கு, இல்லையென்றால் வழியை விடு" என்றான் பின்னால் நின்ற மாறன்.

சாத்தன் தலைச்சுமையைக் கீழே வைத்தான். "நான் ஒரு குடம்தான் எடுக்கப் போகிறேன். நீ?"

இதில் என்ன சூது என்று மாறன் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தான். சூது எதுவும் தெரியவில்லை. அவனும் ஒரு குடம் மட்டும் எடுத்தான். பின்னால் வந்தவர்களும் அப்படியே எடுத்தார்கள்.

அன்றே ஊர் கூடி, குடிக்க தினம் ஆளுக்கொரு குடம், வயலுக்கு முறை வைத்து மடை என்று முடிவு செய்தது. காவலுக்குச் சாத்தனைப் போட்டார்கள். களவாக அள்ளும் வழியெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி. அவனைக் காவல் காக்க மாறனைப் போட்டார்கள்.

பொதுவான தண்ணீரை அளந்து எடுத்தால் எல்லோருக்கும் இருக்கும், அடுத்தவன் அள்ளிவிடுவான் என்று அள்ளினால் ஒருவருக்கும் இருக்காது.