பஞ்சவர்ணத்துக்கு அனுப்பின பாட்டு

சீனிச்சாமி பொண்டாட்டி பஞ்சவர்ணம் கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. குழம்புல உப்பில்லைன்னு இவன் சொன்னதுக்கு இல்ல. "விடு, ஒங்காத்தா குழம்புக்கு இது எவ்வளவோ தேவல"ன்னு ஆறுதல் சொன்னானே, அதுக்கு.

அவ இல்லாம இவனுக்குச் சோறு எறங்கல. மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுப் பாடி போன்ல அனுப்பினா வந்துருவான்னு மைக்செட் ஒச்சப்பன் கடைக்குப் போனான். ஒச்சப்பன் லேசுப்பட்ட ஆளில்ல. திருவிழாவுக்குத் தென்னமரத்துல ஸ்பீக்கர் கட்டப்போயி, தன்னையும் சேத்துக் கட்டிக்கிட்டு விடிய விடியப் பாட்டுக் கேட்டவன். அவனை எறக்கப்போன சித்தப்பன் கதை இன்னும் மோசம், அது கெடக்கட்டும்.

சீனிச்சாமி உருகி உருகிப் பாடினான். கூட்டாளி வெயிலான் தவிலடிச்சான். கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டா, பாட்டு நெடுக ஒரு சேவல் கூவுது. பஞ்சவர்ணம் வளத்த சேவல்தான். தீனி போட ஆளில்லாம இவன் பின்னாலயே வந்திருக்கு.

மதுரையில ரெக்கார்டிங் வேலை பாக்குற மச்சினனுக்கு ஒச்சப்பன் போனைப் போட்டு, பாட்டையும் அனுப்பினான்.

"தவில் கொஞ்சம் பின்னால விழுது மாமா. முன்னால தள்ளுங்க."

ரெண்டு பேருமாச் சேந்து வெயிலானைத் தவிலோட வாசப்படி வரைக்கும் தள்ளினாக.

"தள்ளியாச்சு மாப்ள. போதுமா?"

"இன்னுங் கொஞ்சம்."

வெயிலான் நடுரோட்டுக்குப் போயிட்டான். பஸ்காரன் ஹாரனடிச்சான்.

விசயம் தெரிஞ்சு மச்சினன் தலைல அடிச்சுக்கிட்டான். "ஆளைத் தள்ளாதீக மாமா. அதுக்கொரு பட்டன் இருக்கு, அமுக்குனா எல்லாத்தையும் தாளத்துல கொண்டாந்து வச்சிரும். மொதல்ல இரைச்சலை எடுக்கணும். எந்தச் சத்தம் வேண்டாமோ, அதை மட்டும் தனியாப் பதிஞ்சு காட்டுங்க. அந்த மாதிரி எங்க கேட்டாலும் தொடைச்சிரும்."

சேவலைப் பிடிச்சு மைக் முன்னால நிப்பாட்டினாக. அது வாயைத் தொறக்கல.

"கூச்சப்படுது," ன்னான் வெயிலான்.

"ஒங்க வீட்டுச் சேவல்தானே சீனி, நீயே கூவுடா," ன்னான் ஒச்சப்பன்.

"என் குரல்னு கண்டுபிடிச்சிராதாண்ணே?"

"கம்ப்யூட்டரு சேவலைப் பாத்துருக்காடா?"

நியாயமாத்தான் பட்டுச்சு. சீனிச்சாமி தொண்டை கிழியக் கூவினான். கம்ப்யூட்டரு நல்லாக் கேட்டுக்கிட்டு, அந்தக் குரலைப் பாட்டுலருந்து வழிச்சுத் தொடைச்சிருச்சு. மிச்சம் சேவலும் தவிலுந்தான். பட்டனை அமுக்கினதும் சேவல் தாளந்தப்பாமக் கூவுச்சு.

மூணு பேரும் கண்ணை மூடிக் கேட்டாக.

"இரைச்சலே இல்லடா. ஒன் குரல்ல மட்டும் என்னமோ ஒரு மாத்தம்."

"அழுதுக்கிட்டே பாடினேன்லண்ணே."

அனுப்பினாக. பொழுது சாயறதுக்குள்ள பஞ்சவர்ணம் வந்து எறங்கிட்டா. புருசனை ஏறிட்டும் பாக்கல. சேவலைத் தூக்கி மடில வச்சுக்கிட்டா. "பசில எப்படிக் கதறியிருக்கு. கட்டைல போறவன் ஒரு கை கம்பு போடலயே."

"பாட்டு வேலை செஞ்சிருச்சுடா," ன்னு சீனிச்சாமி கண்ணைத் தொடைச்சான்.

வெயிலான் ஒச்சப்பனை ஓரமாக் கூப்பிட்டான். "அண்ணே, எங்க மாமியா வந்து ஒக்காந்து ஆடி போயி ஆவணியும் வந்துருச்சு. இதே பாட்டைப் பின்னாலருந்து ஓட்டிக் காட்டுனா, கெளம்பிப் போயிருவாகளா?"

ஒச்சப்பன் ரொம்ப நேரம் யோசிச்சான். "போவாக. ஆனா நீ தவிலைத் திரும்பி ஒக்காந்து அடிக்கணும்."

வெயிலான் செவுத்தைப் பாத்து ஒக்காந்தான்.