காலுக்கு ஒரு கல்

காட்டு ஓடையின் இக்கரையில் புல்லெல்லாம் கருகிவிட்டது. அக்கரையிலோ பச்சைப்பசேலென்று அறுகு! மழை வெள்ளம் வருவதற்குள் கடந்துவிட வேண்டும். ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கிப் பாதை போடலாம் என்று விலங்குகள் முடிவு செய்தன.

"காலுக்கு ஒரு கல்! பறவைகளுக்குப் பாதை எதற்கு? அவை கல் போட வேண்டாம்!" என்றது நாட்டாமைக் கரடி.

சடையன் என்ற கழுதை மூன்று கல்லைச் சுமந்து போட்டது. நான்காவதோடு மூச்சுவாங்க வரும்போது, வெள்ளாயி என்ற கொக்கு அதன் தலைக்கு மேலே ஒய்யாரமாகப் பறந்து போனது. கழுதைக்கு வயிறு பற்றி எரிந்தது. முதுகு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இவள் சொகுசை எப்படிப் பொறுப்பது?

கல்லைப் பொத்தென்று போட்டுவிட்டுக் கரடியிடம் ஓடியது.

"நாட்டாமை! கொக்குக்குக் கால் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது. இரண்டு."

"அப்படியானால் இரண்டு கல் எங்கே? சட்டம் எல்லோருக்கும் பொதுதானே!"

கரடி தலையைச் சொறிந்தது. கேட்பது நியாயம் போலத்தான் இருந்தது.

"நான் அதில் நடக்கவே போவதில்லையே, ஐயா!" என்று கொக்கு கெஞ்சியது.

"பறப்பது உன் இஷ்டம். கால் கால்தான்!" என்றது கழுதை.

கரடியும் அதற்குத் தலையாட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் பறவைகளெல்லாம் அலகு தேயத் தேயக் கல் உருட்டின. அந்தக் காட்சியில் கழுதைக்குப் பசியே மறந்துபோனது.

நடக்கிற அளவுக்குப் பாதை ஆனதும் மற்ற விலங்குகள் அக்கரைக்குப் போய்விட்டன. சடையன் மட்டும் போகவில்லை. காகங்கள் பாக்கிக் கல்லையும் போடுகின்றனவா என்று காவல் நின்றது!

கடைசிக் கல் விழுந்தபோது மேற்கே வானம் கறுத்தது. கழுதை அவசரமாகப் பாதைக்கு வந்தது. அங்கே கால் வைக்க இடமில்லை. கொக்கும் நாரையும் காகமும் வரிசையாக நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தன.

"வழி விடுங்கள்!" என்று கத்தியது கழுதை.

"நாங்களும் கல் போட்டிருக்கிறோமே!" என்றது வெள்ளாயி.

"நீ ஒற்றைக் காலில்தானே நிற்கிறாய்! கொஞ்சம் நகரக் கூடாதா?"

"இரண்டு காலுக்கும் கல் போட்டாயிற்று. எந்தக் காலில் நிற்பது என்பது என் இஷ்டம்!"

இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் புரண்டு வந்தது. பறவைகள் ஒரே வீச்சில் எழும்பிப் பறந்தன. பாதை நீருக்குள் மூழ்கியது. வெள்ளம் வடியும்வரை, அக்கரையில் எல்லோரும் மேய்வதைப் பார்த்தபடி கழுதை இக்கரையில் கருகிய புல் தூர்களைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

அடுத்தவரின் வசதியைப் பொறுக்காமல் அவர்மேல் சுமையை ஏற்றிவிடுகிறவர், தம் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.